கடைவாசல்

பரிசலுக்கு முன் இல்லை, பின் இல்லை.
காவேரிப்பாக்கத்தில் நாங்கள் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.
எந்த ஓரத்தில் கயிறு போட்டாலும்
சட்டி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும்.

அந்தக் கார்த்திகையில்
பழவேற்காட்டிலிருந்து லாரியில் மல்லாந்து வந்தது
பைபர் படகு.
முன்பக்கம் மூக்கு,
பின்பக்கம் வாளால் அறுத்த மாதிரி மொட்டை,
மொட்டையின் நடுவில் மோட்டார் மாட்ட ஒரு சாண் பள்ளம்.
கொண்டுவந்த சவேரி அதே லாரியில் திரும்பிவிட்டான்.
அவன் ஊரிலும் மழை.

கடைவாசலில் எட்டாம் ஷட்டரை
ஆகாயத்தாமரையும் ஒரு பனைமரமும் பின்னி அடைத்திருந்தன.
அணைக்கட்டிலிருந்து பாலாறு வந்துகொண்டே இருந்தது.
கரை கசிகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று
மைக் கட்டிய ஆட்டோ கீழூர்களுக்குப் போனது.

நான் ஏரி லஸ்கர்.
லஸ்கர் என்றால் கப்பல்காரன் என்று
பிற்பாடு ஒரு இன்ஜினியர் சொல்லிச் சிரித்தார்.
எனக்குத் தெரிந்தது ஷட்டர் சாவி, கிரீஸ், அளவுக்கல்.

சவேரியின் குரல் போனில் உடைந்து உடைந்து வந்தது:
"நங்கூரத்தை அணியத்துல கட்டுங்க,
அமரத்துல கட்டிடாதீங்க."
அணி என்றால் எனக்குப் பத்தாம் வகுப்பு உவமையணி.
அமரர் என்றால் சுவரொட்டியில் இருப்பவர்.
சரி சரி என்றேன்.
சார்ஜ் நாலு சதவீதம்.

மோட்டார் பின்னால்.
மோட்டார் பார்க்க வந்த மேல்விஷாரம் ஜமீல் பின்னால்.
கயிறு என் காலடியில், அதுவும் பின்னால்.
வெட்டவேண்டிய தாமரை முன்னால் கிடந்தது,
கொடுவாளோடு தணிகாசலம் முன்னால் நின்றான்.
முகத்தை வேலைக்கும்
முதுகை வெள்ளத்துக்கும் கொடுத்தோம்.
நான்தான் கட்டினேன்.
இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு.

கயிறு விறைத்ததும்
படகு திரும்பப் பார்த்தது.
இடதுபக்கம் ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை.
அதற்குத் தெரிந்திருக்கிறது.

மொட்டைப் பலகையில் தண்ணீர் மோதவில்லை,
குவிந்தது.
மோட்டார் கனம், ஜமீல் கனம், என் கனம்,
அடியில் பிடித்து இழுக்கும் நங்கூரம்.
அந்த ஒரு சாண் பள்ளத்தில்
சத்தமே இல்லாமல் உள்ளே வந்தது,
செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் சொந்தக்காரரைப் போல.
வந்தது எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தது.
உட்கார்ந்த கனத்தில் இன்னும் தாழ்ந்தோம்,
தாழ்ந்த வழியில் இன்னும் வந்தது.
பெயிண்ட் டப்பாவில் மொண்டு
ஏரியை ஏரிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முடிச்சு நனைந்து கல்லாகிவிட்டது.
கொடுவாள் இருந்த முனை இப்போது ஆகாயத்தில்.
"புடி" என்று எறிந்தான் தணிகாசலம்.
எனக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.
ஜமீலின் பையில் பாதி ஆக்சா பிளேடு இருந்தது.
கயிற்றை அறுத்தான், உள்ளங்கையும் அறுந்தது,
எது முதலில் என்று அவனுக்கும் தெரியாது.

ஷட்டர் சங்கிலி எங்கள் இருவர் கைக்கு எட்டியது.

மூன்றாம் நாள் சுவரொட்டி அடித்தார்கள்.
தணிகாசலம் பெயருக்கு முன்னால்
அந்தச் சொல் இருந்தது.

விசாரணையில் கேட்டார்கள்:
பெட்ரோல் எத்தனை லிட்டர்,
லைஃப் ஜாக்கெட் எத்தனை,
எச்சரிக்கை வந்தது எத்தனை மணிக்கு.
எந்தப் பக்கம் கட்டினாய் என்று கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஏரி வற்றிய வைகாசியில்
ஷட்டர் பார்க்கப் போனேன்.
வெடித்த சேற்றில் நங்கூரம் துருத்திக்கொண்டிருந்தது,
ஒரு கொழு மேலே, ஒரு கொழு மண்ணில்.
அறுந்த கயிற்றின் மிச்சத்தை
மாடு மேய்க்கும் பையன் எவனோ வீணாக்காமல்
ஒரு கிடாக்குட்டியைக் கட்டிவிட்டுப் போயிருந்தான்.
அது எட்டிய மட்டும் மேய்ந்தது,
காற்றடித்தபோது
காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது.

கழுத்தில்தான் கட்டியிருந்தான்.